கால் சுற்று: என் .22 ரைபிளுக்கு டிரிகர் மாற்றிய அனுபவம்

என் ரைபிளின் டிரிகர் எவ்வளவு கனம், அதாவது அதை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று நான் முதன்முதலில் அளந்தது ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துத்தான். இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தில், துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்துக் கட்டினேன். காலி ரைபிளின் போல்ட்டை (தோட்டா போடும் இடத்தைத் திறந்து மூடும் உருளையை) மூடி, குழல் மேல்நோக்கி நிற்கும்படி பிடித்து, விரல் படும் இடத்தில் கம்பிக் கொக்கியை மாட்டினேன். அப்படியே மெதுவாகத் தூக்கினால் பாட்டிலின் எடை முழுவதும் டிரிகரில் இறங்கும். 'டக்' என்று டிரிகர் விழும் சத்தம் வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு மில்லி லிட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால் கணக்கு சுலபம். சத்தம் வந்ததும் பாட்டிலைக் கம்பியோடு சமையலறைத் தராசில் வைத்தேன். 1650 கிராம். அதன் பிறகு பத்து முறை அளந்தேன். 1500க்கும் 1800க்கும் நடுவே தாவிக்கொண்டே இருந்தது.

கனத்தைவிட அந்தத் தாவல்தான் என்னை அதிகம் உறுத்தியது. கனமாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழுந்தால் விரல் பழகிவிடும். இன்றைக்கு 1500, நாளைக்கு 1800 என்றால் விரல் எதைப் பழகும்?

ரைபிளே நாலு கிலோ சொச்சம்தான். அதில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு எடைக்குச் சமமான விசையை ஒரு விரலால் கொடுத்துக்கொண்டே ரைபிளை அசையாமல் வைத்திருக்க வேண்டும். குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 70 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரிகர் இழுப்பில் முன் சைட் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன் அளவு நகர்ந்தால், 50 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கு அட்டையில் அது 7 மில்லிமீட்டர் ஆகிவிடும். 50 மீட்டர் ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். ஒரு தாள் தடிமனுக்கு, குண்டின் விளிம்பு கோட்டைத் தொட்டுப் பத்து கிடைத்துவிடும். இரண்டு தாள் என்றால் ஒன்பது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரியில்தான் டிரிகரை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

.22 எனக்குப் புதிது இல்லை. ஊரீசு கல்லூரியில் படித்தபோது என்சிசியில் சுட்டிருக்கிறேன். பிறகு வேலை, குடும்பம் என்று பல வருஷம் ஓடிவிட்டது. 40 வயதுக்கு மேல் உரிமம் வாங்கி, கிளப்பில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்துச் சுடும் பிரிவில் மறுபடி ஆரம்பித்தேன். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியதை ராணிப்பேட்டையில் ஆபீஸில் இருந்தபடி போனில் பார்த்தேன். அந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் விரல் டிரிகரில் உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

புது டிரிகர் வாங்கும் முன்னால் ஒன்று செய்தேன், எல்லாருக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன். பழைய டிரிகரைச் சுத்தம் செய்து பாருங்கள். ரைபிளை நான் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து ஒவ்வொரு மாசமும் டிரிகர் பக்கமும் எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன். வேலூர் வெயிலில் அந்த எண்ணெய் கெட்டியாகி, சுடும் ரேஞ்சின் மண்தூசியோடு சேர்ந்து பழுப்பு நிறப் பிசினாக உள்ளே ஒட்டியிருந்தது. லைட்டரில் ஊற்றும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவிக் காயவைத்த பிறகு 1650 கிராம் 1480 ஆனது. தாவலும் பாதியாகக் குறைந்தது. பல பேருக்கு இதுவே போதுமானதாக இருக்கும். எனக்குப் போதவில்லை. விழுவதற்கு முன்னால் டிரிகர் கரகரவென்று நகரும் தூரம், நாங்கள் க்ரீப் என்று சொல்வது, அப்படியேதான் இருந்தது.

அடுத்து சட்டம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் அதற்கென்று தனி உரிமம் வேண்டும். நம்மிடம் இருப்பது வைத்துக்கொள்ளவும் சுடவும் தரப்பட்ட உரிமம். அதனால் பொருத்தும் வேலையை வீட்டில் செய்வதில்லை என்று முதலிலேயே தீர்மானித்தேன். உரிமம் உள்ள பட்டறை ஒன்றில் சுபேதார் சார் வேலை பார்க்கிறார். கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. இவர் ராணுவத்தின் ஈஎம்இ பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேட்டேன். "நின்னு பாரு தம்பி, கை மட்டும் வைக்காத" என்றார்.

வேலையைத் தொடங்கும் முன் தோட்டா எதுவும் அந்த அறையில் இல்லை என்று என்னைச் சொல்லவைத்தார். மேகசினைக் கழற்றினார், போல்ட்டைத் திறந்தார், டார்ச் அடித்து, தோட்டா உட்காரும் சேம்பரைப் பார்த்தார், பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் பார்த்தபிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டார். முப்பது வருஷம் இதே வேலை செய்த மனுஷர், ஒவ்வொரு முறை டீ குடித்துவிட்டு வந்து உட்காரும்போதும் இதை முதலில் இருந்து செய்தார்.

ஸ்டாக் என்னும் மரக்கட்டையில் ஆக்ஷனை (போல்ட்டும் டிரிகரும் இருக்கும் உலோகப் பாகத்தை) பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றும் முன், தலையில் இருந்து மரம் வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டார். திரும்ப மாட்டும்போது கிட்டத்தட்ட அதே இறுக்கத்தில் நிற்கிறதா என்று பார்க்க அந்தக் கோடு உதவும். கடைசி இறுக்கத்துக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்தான், அளவு ரைபிளோடு வந்த கையேட்டில் இருக்கும். பழைய டிரிகர் இரண்டு குறுக்குப் பின்களில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னின் அளவுக்குச் சரியான பித்தளை 'பஞ்ச்' கம்பியை வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டினார். எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் தட்டினார், எந்தப் பின் நீளம், ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே என்று ஒவ்வொரு படியிலும் என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். கழன்றதெல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டில், கழன்ற வரிசையிலேயே. அந்த வரிசைதான் திரும்ப மாட்டும்போது காப்பாற்றியது. இரண்டு பின்களும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நீளத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம்.

புது டிரிகர் உள்ளே சுலபமாக உட்கார்ந்தது. சிக்கல் மரத்தில் வந்தது. டிரிகரின் கூடு பழையதைவிடக் கொஞ்சம் அகலம். ஸ்டாக்கில் வைத்து ஸ்க்ரூவை இறுக்கினால் எங்கேயோ உரசியது. எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. சுபேதார் சார் ஒரு அகல் விளக்கை ஏற்றி, அதன் புகையில் கூட்டின் பக்கங்களைக் காட்டிக் கரி படியவைத்தார். ஆக்ஷனை ஸ்டாக்கில் இறக்கி எடுத்தால் மரத்தில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் உரசல். அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தார், மறுபடி கரி, மறுபடி தேய்ப்பு. முக்கால் மணி நேரம் இதற்கே போனது. டிரிகர் கூடு மரத்தைத் தொட்டால், ஸ்க்ரூவை இறுக்கும் ஒவ்வொரு முறையும் டிரிகரின் குணம் மாறும். நல்ல டிரிகரை வாங்கிப் போட்டுவிட்டு 'ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை' என்று புலம்புகிற பலர் இந்த இடத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் சரிசெய்யும் வேலை. இதில் மூன்று விஷயங்களைப் புரிந்துகொண்டால் போதும். சியர் என்பது, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னைப் பிடித்து வைத்திருக்கும் கொண்டி. கதவுக் கொண்டி வளையத்துக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ, அவ்வளவு தூரம் இழுத்தால்தான் விடும். அந்த ஆழம்தான் க்ரீப். கொண்டியை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதை ஸ்பிரிங் ஸ்க்ரூ தீர்மானிக்கும். கொண்டி விட்ட பிறகும் டிரிகர் பின்னால் ஓடுகிற தூரம் ஓவர்டிராவல். அது அதிகமானால், குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே விரல் பின்னால் மோதி ரைபிளை உலுக்கும்.

வரிசை முக்கியம். முதலில் ஓவர்டிராவல் ஸ்க்ரூவை நன்றாக வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது டிரிகரை முட்டுக்கொடுத்து நிறுத்தி, கொண்டி விடாமலேயே நிற்கும், நாம் வேறு எதையோ குறை சொல்வோம். அடுத்து கொண்டியின் ஆழம். அதன் பிறகு கனம். கடைசியில் ஓவர்டிராவல் ஸ்க்ரூவை உள்ளே கொண்டுவந்து, டிரிகர் விழாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அரைச் சுற்று பின்வாங்க வேண்டும். ஒவ்வொரு திருப்பலும் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் இல்லை. திருப்பியதை எல்லாம் நோட்டில் எழுதினோம்.

என்னுடையது இரண்டு கட்ட டிரிகர். முதல் கட்டம் 260 கிராமில் வந்து ஒரு சுவரைத் தொட்டது மாதிரி நிற்கும். அதற்கு மேல் 160 கிராம் சேர்ந்தால் விழும். மொத்தம் 420. சர்வதேச விதிகளில் 50 மீட்டர் ரைபிளுக்குக் குறைந்தபட்ச டிரிகர் கனம் எதுவும் கிடையாது. ஏர் பிஸ்டலுக்குத்தான் 500 கிராம். அதனால் இன்னும் குறைக்க எனக்கு ஆசை. "100 கிராமுக்குக் கொண்டு போறவனுங்க தெனமும் சுடுறவனுங்க. நீ வாரத்துக்கு ஒரு நாள் வர. 400 போதும்" என்றார் சுபேதார் சார். சொன்னது சரி என்று அப்போது முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு சோதனை. .22 மாதிரி ரிம்ஃபயர் ரைபிளில், அதாவது தோட்டாவின் அடி விளிம்பில் பின் அடிக்கும் ரைபிளில், வெறும் சேம்பரில் தட்டினால் ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பில் மோதிச் சேதம் செய்யலாம். அதனால் சுட்ட தோட்டாவின் காலிக் கேஸை உள்ளே வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டோம். போல்ட்டை எவ்வளவு பலமாக அடித்து மூட முடியுமோ அவ்வளவு பலமாக ஐம்பது முறை. ரப்பர் சுத்தியலால் ஆக்ஷனின் இரண்டு பக்கமும் தட்டல். ரப்பர் பாய் விரித்து, ஒரு சாண் உயரத்தில் இருந்து பின்கட்டை கீழே படும்படி போடுதல். சேஃப்டியைப் போட்டு டிரிகரை நன்றாக இழுத்து, விரலை எடுத்த பின் சேஃப்டியை விடுவித்துப் பார்த்தல். இதில் எதில் விழுந்தாலும் ரைபிள் வெளியே போகக்கூடாது. ஒன்றிலும் விழவில்லை. எல்லா ஸ்க்ரூவிலும் ஸ்க்ரூ தானாக நகராமல் பிடிக்கும் லாக்டைட் பசையைக் குச்சி முனையில் தொட்ட அளவு வைத்துக் கொடுத்தார். நடுத்தரப் பிடிப்பு உள்ள நீல நிறம்தான், அதுவும் மரையில் மட்டும். நகரும் பாகத்தில் ஒரு சொட்டு இறங்கினாலும் அந்த டிரிகரின் கதை முடிந்தது.

இனி சொல்லப்போவது என் தப்பு. மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டுத் தன் அலன் கீயைக் கீழே வைக்கக்கூடும்.

மூன்று வாரம் டிரிகர் கோளாறு இல்லாமல் ஓடியது. நாலாவது வாரம், இரண்டாம் கட்டத்தில் இன்னும் ஒரு நூல் க்ரீப் இருக்கிறது என்று என் விரலுக்குத் தோன்றியது. சனிக்கிழமை ராத்திரி, கொண்டியின் ஆழத்தைக் குறைக்கும் ஸ்க்ரூவை நானே திருப்பினேன். எட்டில் ஒரு சுற்று. பிறகு இன்னொரு எட்டில் ஒரு சுற்று. கண்ணாடித் துண்டு உடைந்தது மாதிரி சுத்தமாக விழுந்தது. காலிக் கேஸ் வைத்து நாலைந்து முறை மெதுவாக மூடிப் பார்த்தேன். விழவில்லை. அத்தோடு பெட்டியில் வைத்துவிட்டேன்.

ஞாயிறு காலை, படுத்த நிலையில் பதினோராவது தோட்டா. போல்ட்டை மூடினேன், ரைபிள் வெடித்தது. விரல் டிரிகர் கார்டுக்கு வெளியே இருந்தது. குழல் எப்போதும்போல அட்டைப் பக்கம் இருந்ததால் குண்டு அட்டைக்குக் கீழே மண்மேட்டில் போய்ப் புதைந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் என் கை அரை மணி நேரம் நடுங்கியது. உடனே போல்ட்டைத் திறந்து, ஆரஞ்சுக் கொடியைச் சேம்பரில் செருகி, கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் எல்லாரையும் நிறுத்தினார். அன்றைக்கு நான் மேற்கொண்டு சுடவில்லை. பக்கத்து லேனில் ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண் படுத்திருந்தாள். அவளுடைய அப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டில் விழாதது அங்கே ஏன் விழுந்தது? வீட்டில் நான் மெதுவாக மூடினேன். ரேஞ்சில் பத்து தோட்டா போனதும் கை தன் தாளத்துக்கு வந்துவிடும், போல்ட்டை வேகமாகத் தள்ளி அடித்து மூடும். கொண்டி நுனியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்ததால் அந்த அதிர்ச்சிக்கு அது நழுவிவிட்டது. பட்டறையில் ஐம்பது முறை பலமாக அடித்து மூடிப் பார்த்தது இதற்காகத்தான். நான் அந்தச் சோதனையைச் செய்திருந்தால் வீட்டிலேயே, காலிக் கேஸிலேயே தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ரைபிளை வாங்கி, சேம்பரைப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொல்லி, வைஸில் மாட்டினார். "எவ்ளோ திருப்பின?" "மொத்தம் கால் சுற்று சார்." ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி வைத்தார். யோசித்துவிட்டு, அதற்கு மேல் இன்னொரு எட்டில் ஒரு சுற்று சேர்த்தார். "இப்ப க்ரீப் கொஞ்சம் கீது. இருக்கட்டும். அது உனக்குக் காவல்." ஐம்பது முறை அடித்து மூடும் வேலையை இந்தத் தடவை என்னிடம் கொடுத்தார், எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்.

இப்போது என் டிரிகர் 430 கிராம். பத்து முறை அளந்தால் 425க்கும் 435க்கும் நடுவில் நிற்கிறது. கொஞ்சம் க்ரீப் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவு, வழவழவென்று. நான் தேடியது இதுதான். எடையைக் குறைப்பதில் காட்டிய ஆர்வத்தில் கொஞ்ச நாள் அதை மறந்துபோயிருந்தேன்.

புள்ளிகள் உடனே ஏறிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஸ்டாக்கைக் கழற்றி மாட்டியதால் முதல் நாள் குண்டுகள் இடது பக்கம் கீழே போயின. குண்டு நடுவில் விழும்படி சைட்டை மறுபடி ஜீரோ செய்யவே முப்பது தோட்டா ஆனது. .22 தோட்டா விலைக்கு அது சின்னச் செலவு இல்லை. அதன் பிறகு முதல் மாசம் என் புள்ளிகள் இறங்கின. கனமான டிரிகரில் நான் அறியாமலேயே ஒரு பழக்கம் வைத்திருந்தேன். சைட் அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் வந்ததும் டிரிகரைச் சட்டென்று பிடுங்குவது. 1600 கிராமில் அந்தப் பிடுங்கல் பாதி வழியில் தேய்ந்துவிடும். 430 கிராமில் நான் தயாராகும் முன்பே ரைபிள் சுட்டுவிடும். வலது பக்கம் ஏழு, எட்டு என்று விழுந்தன.

சரிசெய்ய உதவியது வீட்டில் தோட்டா இல்லாமல் செய்த பயிற்சி. தினமும் இருபது நிமிஷம், சுவரில் ஒட்டிய ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியைப் பார்த்து, காலிக் கேஸ் வைத்து. முதல் கட்டத்தை மூச்சு விடும்போதே எடுத்து, அது முடியும் அந்தச் 'சுவரில்' விரலை நிறுத்தி, அங்கே காத்திருப்பது. விரல் படும் டிரிகர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இந்த டிரிகரில் உண்டு. அதை நான் இரண்டு மாசம் கவனிக்கவே இல்லை. விரலின் முதல் கணுவுக்கும் நுனிக்கும் நடுவில் உள்ள சதை, பிளேடில் செங்குத்தாக உட்கார வேண்டும். என் விரல் நீளம் என்பதால் நாலு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினேன். வலது பக்கம் விழுந்த எட்டுகள் பெரும்பாலும் அத்தோடு நின்றன. கனத்தைக் குறைக்கச் செலவு செய்த நேரத்தில் பாதியை இதற்குச் செலவு செய்திருக்கலாம்.

வெயில் காலத்துக்கு ஒரு வார்த்தை. அக்னி நட்சத்திரத்தில் ரைபிள் பெட்டியைக் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், பாதுகாப்புக்காகவும் சரி, டிரிகருக்காகவும் சரி. டிரிகருக்குள் எண்ணெய் அடிப்பதை நான் அடியோடு விட்டுவிட்டேன். குழலைச் சுத்தம் செய்யும்போது ரைபிளைத் தலைகீழாக, ஸ்டாக் மேலே இருக்கும்படி வைக்கிறேன். கரைப்பான் வழிந்து டிரிகருக்குள் இறங்காது.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு, ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையில் இருந்து கூட்டின் மேல் வரை நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருக்கிறேன். மகளுடைய பாட்டில். ஸ்க்ரூ தானாக நகர்ந்தாலும் நான் நகர்த்தினாலும் கோடு உடையும். ஞாயிறுதோறும் ரேஞ்சில் பெட்டியைத் திறந்ததும் சேம்பர், அடுத்தது அந்தக் கோடு. பிறகு காலிக் கேஸ் வைத்துப் பத்து முறை பலமாக அடித்து மூடுவேன். போன வாரம் அந்தப் பெண் பக்கத்து லேனில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு அங்கிள் இப்படிப் போட்டு அடிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவளைக் கூப்பிட்டு, சிவப்புக் கோட்டைக் காட்டி, முதலில் இருந்து சொன்னேன்.